தொங்கவிடப்பட்டவனும் பத்து அவதாரங்களும்: சீட்டோவியத்தில் படம், பெயர், ஆட்டம்

1. முன்னுரை

சீட்டோவியம் ஓவியக் கலையின் சிறு கிளையே. ஆயினும் குறியியல் நோக்கில் அது சுவரோவியத்தைவிடச் சிக்கலானது. சுவரோவியம் தனித்து நின்று பொருள் தரவல்லது. சீட்டு அவ்வாறன்று. ஒரு சீட்டின் மதிப்பு, அது இடம்பெறும் கட்டில் உள்ள பிற சீட்டுகளோடு அது கொள்ளும் உறவினால் அமைகிறது. மொழியமைப்பைச் சதுரங்க ஆட்டத்தோடு ஒப்பிட்டு விளக்கிய சசூரின் கருத்து மொழியியலார் நன்கறிந்தது. சதுரங்கக் காயின் வடிவம் எதுவாயினும் ஆட்டம் மாறுவதில்லை. சீட்டிலோ வடிவமும் பேசுகிறது, விதியும் பேசுகிறது, பெயரும் பேசுகிறது. இம்மூன்றும் ஒன்றையே பேசுகின்றனவா என்பதுதான் ஆராயத்தக்க வினா.

ஐரோப்பிய டாரட் கட்டின் பன்னிரண்டாம் சீட்டையும், மகாராட்டிரத்தின் தென்கோடியில் உள்ள சாவந்தவாடியில் தீட்டப்படும் தசாவதாரக் கஞ்சிஃபாவையும் ஒப்புநோக்கி இவ்வினாவுக்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது. ஆட்டம் மறையும்போது சீட்டின் குறியீடு அழிவதில்லை. ஆனால் அதன் இலக்கணம் மாறிவிடுகிறது. அம்மாற்றத்தைக் கருதாத மொழிபெயர்ப்பு, பெயரை மட்டும் பெயர்த்துவிட்டுப் பொருளைக் கைவிடுகிறது. இதுவே இங்கு நிறுவப்பெறும் கருத்து.

2. பன்னிரண்டாம் சீட்டு: படமும் பெயரும்

டாரட் கட்டு பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியில் தோன்றியது. அதில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றுள் 56 சீட்டுகள் நான்கு இனங்களாகப் பிரிந்தவை. எஞ்சிய 22 சீட்டுகள் தனிப்படங்கள் கொண்டவை. இவை முதற்கண் ஆட்டத்துக்காகவே ஆக்கப்பட்டவை. பிற சீட்டுகளை வெல்லும் ஆற்றல் படைத்த வெற்றிச் சீட்டுகள். தமிழில் துருப்பு என்று வழங்கும் சீட்டு எதைச் செய்கிறதோ அதையே இவை செய்தன.

இன்று பெரிதும் பரவியுள்ள டாரட் படங்கள் 1909ஆம் ஆண்டு இலண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டவை. ஆர்தர் எட்வர்டு வெயிட் கருத்துரைக்க, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். அதன் பன்னிரண்டாம் சீட்டில், 'டி' எழுத்து வடிவில் அமைந்த மரத்தில் ஓர் இளைஞன் வலக்காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறான். மரம் பட்டமரமன்று, இலை துளிர்த்தது. இடக்கால் மடங்கி வலக்காலின் பின்னே குறுக்காகச் செல்கிறது. கைகள் முதுகுப்புறம் மறைந்துள்ளன. கால்கள் சிலுவையையும், முழங்கைகளும் தலையும் முக்கோணத்தையும் உருவாக்குகின்றன. தலையைச் சுற்றி ஒளிவட்டம். முகத்தில் வேதனை இல்லை, அமைதி இருக்கிறது. பின்புலத்தில் வேறு உருவமோ நிலக்காட்சியோ இல்லை. வெறுமையான வெளியில் அவ்வுடல் ஓர் எழுத்தைப்போல் நிற்கிறது. ஓவியர் இங்குச் செய்திருப்பது ஒரு தண்டனைக் காட்சியை வடிவகணிதமாக மாற்றிய செயல். அச்செயலின் வெற்றி முகத்தின் அமைதியிலும் மரத்தின் துளிரிலும் தங்கியுள்ளது. இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது தூக்குமரமே.

தொடக்க காலத்து இத்தாலியச் சீட்டுகளைக் கண்டவர்க்கு இப்படம் இத்தகைய ஐயப்பாட்டுக்கு இடம் தரவில்லை. பழைய இத்தாலியப் பட்டியல்கள் சில இச்சீட்டைத் 'துரோகி' என்றே குறிக்கின்றன. அக்காலத்து இத்தாலிய நகரங்களில் துரோகிகளின் உருவத்தை அரசுக் கட்டடச் சுவரில் தலைகீழாகத் தீட்டி இழிவுபடுத்தும் வழக்கம் இருந்தது. 1440இல் பிளாரன்சு நகரில் ஆந்திரேயா தெல் கஸ்தாஞோ என்னும் ஓவியர், நகருக்கு எதிராகக் கிளர்ந்தோரை அவ்வாறு தீட்டியமையால் தூக்கிலிடப்பட்டோரின் பெயராலேயே அழைக்கப்பட்டார். டாரட் சீட்டுகளைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றும் அதே ஆண்டில் அந்நகரைச் சார்ந்தே கிடைக்கிறது என்பது கருதத்தக்கது. ஆகவே அன்றைய ஆட்டக்காரர்க்கு இச்சீட்டு மறைபொருள் உடையதன்று. தெருச்சுவரில் கண்ட படத்தின் சிறு வடிவமே.

பின்னர் பிரெஞ்சு மொழியில் இச்சீட்டு 'தொங்குபவன்' என்னும் பொருளுடைய பெயரைப் பெற்றது. குற்றம் பெயரிலிருந்து நீங்கியது. நிலை மட்டும் எஞ்சியது. ஆங்கிலம் அதனைப் பெயர்க்கும்போது, கழுத்தில் கயிறிட்டுக் கொல்லும் தண்டனைக்கே சிறப்பாக உரிய வினைவடிவத்தைக் கையாண்டது. அதனால் பெயர் கழுத்தைச் சுட்ட, படம் காலைக் காட்டும் முரண் தோன்றியது. வெயிட்டும் ஸ்மித்தும் ஒளிவட்டத்தைச் சேர்த்தபோது இம்முரண் முற்றியது. துரோகி, தொங்குபவன், தூக்கிலிடப்பட்டவன், ஞானநிலை எய்தியவன் என ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில் உடலின் நிலை மாறாமலே பொருள் மூன்று முறை மாறியுள்ளது.

தமிழ் வாசகர் இப்படத்தை முதன்முறை காணும்போது நிகழ்வது மற்றொரு மாற்றம். மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் ஆலமரக் கிளையில் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்யும் வாலகில்லியர் வருகின்றனர். கருடன் அவர்களுக்கு ஊறு நேராவண்ணம் கிளையைச் சுமந்து செல்கிறான். அப்பருவத்திலேயே சரற்காரு முனிவர், சந்ததி அறுந்துபோகும் நிலையில் தம் முன்னோர் குழியில் தலைகீழாகத் தொங்கக் காண்கிறார். காரைக்காலம்மையார் கயிலைக்குத் தலையால் நடந்து சென்ற வரலாறும் நாம் அறிந்ததே. தலைகீழ் நிலை நம் மரபில் இழிவையும் குறிக்கும்; ஆனால் அதனினும் விரைவாகத் தவத்தை நினைவூட்டும். எனவே இத்தாலியர் இழிவு கண்ட இடத்தில் தமிழர் தவம் காண்பது இயல்பு. வெயிட்டின் கருத்துக்கு இது நெருங்கியதாகத் தோன்றும். ஆயினும் அந்நெருக்கமே மொழிபெயர்ப்பாளரை வழுக்கச் செய்யும் இடம். தவம் தானே மேற்கொள்வது. இச்சீட்டில் உள்ளவனைக் கட்டியது பிறர் கை.

3. கட்டின் இலக்கணம்: தசாவதாரக் கஞ்சிஃபா

டாரட்டுக்கு நேரான இந்தியக் கலை எதுவெனின் கஞ்சிஃபாவைக் கூறலாம். பாபர் 1527இல் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகளை அனுப்பிய செய்தி பாபர் நாமாவில் உள்ளது. அக்பர் காலத்து ஆட்டத்தை அபுல் பசல் அயினி அக்பரியில் விரித்துரைக்கிறார். முகலாயக் கஞ்சிஃபாவின் பொதுவழக்கான கட்டு எட்டு இனங்களும் 96 சீட்டுகளும் கொண்டது. மகுடம், வெள்ளி நாணயம், வாள், அடிமை, யாழ், பொன் நாணயம், ஆவணம், சரக்கு என்பன அவ்வினங்கள். ஓர் அரசின் துறைகளை வட்டச் சீட்டுகளில் அடுக்கிவைத்தாற்போல் இது விளங்குகிறது.

தசாவதாரக் கட்டு இவ்வமைப்பை ஏற்றுக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றியது என்பது ஆய்வாளரிடையே பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. அரசன் ஒன்று, அமைச்சன் ஒன்று, எண்ணிக்கைச் சீட்டுகள் பத்து என ஓரினத்துக்குப் பன்னிரண்டு சீட்டுகள். பத்து அவதாரங்களுக்கு 120 சீட்டுகள். மூவர் ஆடுங்கால் ஒருவர்க்கு நாற்பது. இனங்களின் பெயரே மாறியது, சட்டகம் மாறவில்லை, கஞ்சிஃபா என்னும் பாரசீக வழிப் பெயரும் மாறவில்லை.

இம்மாற்றத்தின் மொழியியல் இணையை அதே நிலப்பரப்பில் காணலாம். புணேக்கு வடக்கே நாசிக்குச் சாலையில் அமைந்த சாகண் கோட்டையை 1660இல் சாயிஸ்தாகானின் படை முற்றுகையிட்டது. பிரங்கோஜி நர்சாலா ஏறத்தாழ இரு திங்கள் அதனைக் காத்து நின்றார். சாகண் போன்ற ஊர்களில் படைகள் மோதிய அந்நூற்றாண்டில், ஆட்சிச் சொற்களும் இரு பண்பாடுகளுக்கிடையே புழங்கின. மராட்டியரின் அலுவல் மொழியில் பாரசீகச் சொற்கள் மிகுந்திருந்தன. அவற்றுக்கு ஈடாக வடசொற்களைத் தரும் பொருட்டுச் சிவாஜியின் காலத்தில் 'ராஜ்யவியவகார கோசம்' தொகுக்கப்பட்டது. அலுவலகம் அதுவே, பதவி அதுவே, பெயர் மட்டும் புதிது. தசாவதாரக் கட்டு செய்ததும் இதனை ஒத்ததே. மகுடம், வாள், ஆவணம் என்றிருந்த இடங்களில் மீன், ஆமை, கோடரி வந்து அமர்ந்தன. தொடரமைப்பு நிலைக்கச் சொற்கள் மாறும் நிகழ்வு மொழித்தொடர்பு ஆய்வில் நாம் அறிந்தது. அது ஓவியத்திலும் நிகழ்ந்துள்ளது எனலாம்.

இக்கட்டின் விதிகளுள் மூன்று குறியியல் நோக்கில் முதன்மை வாய்ந்தவை.

முதலாவது, எண்ணின் மதிப்பு இனத்தைச் சார்ந்தது. பொதுவாக மச்சம் முதல் வாமனம் வரையிலான ஐந்து இனங்களில் பத்து உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது. பரசுராமன் முதலான எஞ்சிய ஐந்திலோ ஒன்று உயர்ந்தது, பத்து தாழ்ந்தது. பத்து மீன்கள் ஒரு மீனை வெல்லும். ஆனால் ஒரு கோடரி பத்துக் கோடரிகளை வெல்லும். கண்ணுக்குத் தெரியும் மிகுதி எப்போதும் வலிமை ஆவதில்லை. வேற்றுமைகளின் அமைப்பே மதிப்பைத் தருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இரண்டாவது, பகலில் ஆடினால் இராமன் சீட்டு உடையவரும், இரவில் ஆடினால் கிருட்டிணன் சீட்டு உடையவரும் ஆட்டத்தைத் தொடங்குவர். பொருள் சீட்டுக்குள் மட்டும் இல்லை. ஆடும் பொழுதிலும் உள்ளது. இன்று, நாளை என்னும் சுட்டுச்சொற்கள் பேசும் பொழுதைக் கொண்டு பொருள் பெறுவது போன்றது இது.

மூன்றாவது, கஞ்சிஃபாவில் துருப்பு இனம் இல்லை. மச்சத்தின் அரசன் கூர்மத்தின் அரசனை வெல்வதில்லை. டாரட்டின் 22 படங்களோ ஒன்றையொன்று வெல்லும் வரிசை உடையவை; ஊர்வலத்தில் பின்வருவது முன்வந்ததை விஞ்சுவது போன்ற ஏற்றம் அதில் உண்டு. தசாவதாரக் கட்டில் அவதாரங்கள் வரிசையில் அடுத்தடுத்து நின்றாலும் ஆற்றலில் நிகரானவை. இறையியலார் நெடிது வாதிட்ட சமநிலையை ஆட்டவிதி ஒரு சொல்லும் இன்றி நிறைவேற்றியுள்ளது.

4. கருப்பொருளும் உள்ளுறையும்

எண்ணிக்கைச் சீட்டுகளில் அவதார மூர்த்தி இடம்பெறுவதில்லை. மூர்த்தியின் உருவம் உயர்சீட்டுகளுக்கே உரியது. மற்றவற்றில் மீனும் ஆமையும் கமண்டலமும் கோடரியும் அம்பும் வாளும் போன்ற சின்னங்களே எண்ணிக்கை தோறும் அடுக்கப்படுகின்றன. வட்டத்தினுள் ஐந்து கோடரிகளை எவ்வாறு அமைப்பது, பத்து மீன்களை நெரிசலின்றி எவ்வாறு நீந்தவிடுவது என்பதிலேயே சீட்டோவியரின் திறன் வெளிப்படுகிறது.

தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்கு நிலைக்களனாகக் கருப்பொருளைக் கொண்டு, அதனுள் தெய்வத்தை நீக்குகிறார். விலங்கும் புள்ளும் மரமும் நீரும் உள்ளுறைக்கு உதவும், தெய்வம் உதவாது. தெய்வம் தன்னையே குறிக்கும் பொருள். வேறொன்றைக் குறிப்பால் உணர்த்தும் நெகிழ்ச்சி அதற்கு இல்லை என்று இதற்குக் காரணம் கருதலாம். தசாவதாரக் கட்டும் இத்தகைய பாகுபாட்டை உடையது. ஆட்டத்தின் பெரும்பகுதியைச் சுமப்பவை தெய்வம் நீங்கிய சின்னங்கள். அவை எண்ணப்படலாம், வெட்டப்படலாம், இழக்கப்படலாம். ஆட்டக்காரர் ஏழு மீன்களை இழந்தபோது இறைவனை இழந்ததாகக் கருதுவதில்லை.

உள்ளுறையைப் புரிந்துகொள்ளத் திணைமரபை அறிந்திருத்தல் வேண்டும். திணை அறியாதவர்க்கு நண்டு நண்டாகவே தோன்றும். அவ்வாறே கட்டின் மரபை அறியாதவர்க்குக் கோடரி கோடரியாகவே தோன்றும். வட்டார மரபு மாறினால் இடத்தை நிரப்பும் பொருளும் மாறும். ஒன்பதாம் அவதாரம் இதற்குச் சான்று. மகாராட்டிரத்தில் அவ்விடத்தில் புத்தர் அல்லது விட்டலர் காணப்படுகிறார். ஒடியா மரபில் செகந்நாதர் வருகிறார். தமிழக வைணவ மரபில் பலராமன் எட்டாம் இடம் பெறக் கண்ணன் ஒன்பதாம் இடத்துக்கு நகர்கிறான். இடம் ஒன்று, நிரப்பி பல. ஒன்பதாம் இனத்தைப் 'புத்தர் சீட்டு' என்று எல்லாக் கட்டுக்கும் பொதுவாகப் பெயர்ப்பவர் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறார்.

5. ஆட்டம் மறைந்தபின்

1781இல் பிரெஞ்சு அறிஞர் கூர் த செபலென், டாரட் சீட்டுகள் பண்டைய எகிப்தியரின் மறைநூல் என்று எழுதினார். அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆயினும் அக்கருத்தே டாரட்டைக் குறிசொல்லும் கருவியாக ஆக்கியது. பிரான்சு, ஆசுத்திரியா முதலிய நாடுகளில் டாரட் ஆட்டம் இன்றும் ஆடப்படுவதையும், குறிசொல்லும் வழக்கு பிற்காலத்தது என்பதையும் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார்.

குறிசொல்லும் மரபு சீட்டின் வடிவத்திலிருந்தே ஒரு புதிய இலக்கணத்தை உண்டாக்கிக்கொண்டது. நீள்சதுரச் சீட்டு தலைகீழாக விழக்கூடும். விழுந்தால் பொருள் மாறும். பன்னிரண்டாம் சீட்டில் இவ்விதி விந்தையான விளைவைத் தருகிறது: சீட்டு தலைகீழானால் தொங்குபவன் நேராக நிற்கிறான். வட்டமான கஞ்சிஃபாவின் எண்ணிக்கைச் சீட்டில் இவ்வேறுபாடு எழுவதற்கே இடமில்லை. வடிவம் ஓர் அணிகலன் அன்று. அது எத்தகைய பொருள் பிறக்கலாம் என்பதை வரையறுக்கிறது.

தமிழகத்துக் கிளிசோதிடம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்குச் சீட்டுகளுக்குள் வெல்லும் உறவு இல்லை. கிளி எடுத்த ஒற்றைச் சீட்டில் தெய்வத்தின் படம் இருக்கும். பலனைச் சோதிடரின் வாய்மொழி தரும். படம் சொல்லைத் தொடங்கிவைக்கிறது. பொருளை முடிவுசெய்வது சொல்லே.

கஞ்சிஃபாவின் வரலாறு வேறு திசையில் சென்றது. சாவந்தவாடியில் இக்கலை அருகிவந்த நிலையில், 1970களின் தொடக்கத்தில் அவ்வூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிவராம் சாவந்த் போன்சுலேயும் சத்வசீலா தேவியும் அரண்மனையிலேயே ஓவியர்க்கு இடமளித்து அதனை மீட்டனர். புளியங்கொட்டைப் பசையிட்டுப் பதப்படுத்திய தாளிலும் துணியிலும் வண்ணம் தீட்டி அரக்கு மெருகேற்றும் கைத்திறன் அம்முயற்சியால் பிழைத்தது. அது போற்றத்தக்கது. ஆனால் மீண்டது ஓவியமே. ஆட்டம் அந்த அளவுக்கு மீளவில்லை. இன்று இக்கட்டுகளை வாங்குவோருள் பெரும்பாலோர் ஆடுவதற்காக வாங்குவதில்லை. சட்டமிட்டு மாட்டப்படும் பத்து அரசச் சீட்டுகள் தெய்வப் படங்களாகின்றன. 100 எண்ணிக்கைச் சீட்டுகள் பெட்டியில் தங்கிவிடுகின்றன. உள்ளுறையைச் சுமந்த பகுதி கைவிடப்பட்டு, உள்ளுறை தாங்காத தெய்வ உருவம் மட்டும் காட்சிக்கு வருகிறது. டாரட் ஆட்டத்தை இழந்த இடத்தில் புதிய இலக்கணம் ஒன்றைப் பெற்றது. கஞ்சிஃபா ஆட்டத்தை இழந்து அழகுப் பொருளாயிற்று. இலக்கணமுடைய பொய்யும் இலக்கணமற்ற உண்மையும் எதிரெதிரே நிற்கும் நிலை இது. இவற்றுள் எது குறியீட்டுக்கு மிகுந்த இழப்பு என்பதில் இக்கட்டுரை ஆசிரியருக்கு ஐயமில்லை. பொய் வரலாற்றை ஆய்வு திருத்தலாம். மறந்துபோன விதியை ஆடுவோர் இன்றி மீட்க இயலாது.

6. மொழிபெயர்ப்பு நோக்கு

சாகண் என்னும் ஊர்ப்பெயரை எழுதும்போது மராட்டியின் முதலொலியையும் ககரத்தின் வல்லோசையையும் தமிழ் எழுத்து மரபுக்கு விட்டுக்கொடுக்கிறோம். ஊரை அடையாளம் காண அது போதும். சீட்டின் பெயருக்கு ஒலிபெயர்ப்பு போதாது. தமிழ்ச் சீட்டாட்டத்தில் வழங்கும் ஆடுதன், கிளாவர் என்னும் பெயர்கள் டச்சு மொழி வழி வந்தவை எனக் கொள்ள இடமுண்டு. ஆடுதன் என்பவர் இதயத்தை எண்ணுவதில்லை. ஆட்டத்தில் அதன் இடத்தையே எண்ணுகிறார். அங்குப் பெயர் பொருளற்றதாயினும் ஆட்டம் பொருளைக் காக்கிறது. டாரட் படங்கள் தமிழுக்கு ஆட்டமாக வரவில்லை. படமும் பெயருமாகவே வந்துள்ளன. ஆதலின் பெயரின் மேல் சுமை கூடுகிறது.

பன்னிரண்டாம் சீட்டுக்குத் 'தூக்கிலிடப்பட்டவன்' என்பது ஆங்கிலச் சொல்லுக்கு நேரானது, படத்துக்கு மாறானது. 'தொங்கும் மனிதன்' என்பது செய்வினை வடிவம் பெற்று, கட்டிய கையை மறைத்துவிடுகிறது. 'தவசி' என்பது வெயிட்டின் விளக்கத்தைப் பெயராக்கிவிடும் மிகை. 'தொங்கவிடப்பட்டவன்' என்பதே ஏற்புடையது. செயப்பாட்டு வடிவம் பிறர் செயலைக் காக்கிறது. கழுத்தைச் சுட்டாமையால் படத்தோடு முரண்படவில்லை. இழிவா தவமா என்பதைப் படமே சொல்லுமாறு விட்டுவிடுகிறது.

பதினாறாம் சீட்டும் இத்தகையது. இடிவிழுந்து மாந்தர் வீழும் கட்டடத்தை ஆங்கிலம் வெறும் உயர்கட்டடமாகக் குறிக்க, பிரெஞ்சு 'இறைவன் இல்லம்' என்கிறது. தமிழில் 'கோபுரம்' எனின் ஆங்கிலத்தைப் பெயர்ப்பதாக எண்ணிக்கொண்டு பிரெஞ்சைப் பெயர்த்தவராவோம். கோயிலின் மேல் இடிவிழுந்ததாகவே தமிழர் கொள்வர். 1909ஆம் ஆண்டுப் படத்தில் அக்கட்டடத்தின் உச்சியிலிருந்து மகுடம் பெயர்ந்து விழுகிறது; அது அரசின் செருக்கைச் சுட்டுவது. ஆகவே 'கொத்தளம்' பொருந்தும். எண்ணிடப்படாத, அல்லது சுழியம் பெற்ற சீட்டில் மலைவிளிம்பில் நடக்கும் இளைஞனைப் 'பித்தன்' எனின் சிவபெருமானின் பெயர் குறுக்கிடும். 'முட்டாள்' எனின் வசையாகும். 'பேதை' என்பது அறியாமையையும் களங்கமின்மையையும் ஒருங்கே தாங்கும்.

இவற்றிலிருந்து ஒரு பொதுநெறி பெறப்படுகிறது. சீட்டின் பெயரைப் பெயர்ப்பவர் முதலில் படத்தைப் பார்த்தல் வேண்டும். அடுத்து, மூலப்பெயர் எம்மொழிகளைக் கடந்து வந்தது என அறிதல் வேண்டும். இறுதியாக, அச்சீட்டு கட்டினுள் எதனோடு மாறுபட்டு நிற்கிறது என ஆராய்தல் வேண்டும். அகராதி இம்மூன்றுக்கும் பின்னரே வரவேண்டும்.

7. முடிவுரை

உடலின் நிலை மாறாமலே பன்னிரண்டாம் சீட்டின் பொருள் மாறிவந்ததையும், சின்னங்கள் மாறியும் கஞ்சிஃபாவின் சட்டகம் நிலைத்ததையும் மேலே கண்டோம். முன்னது படம் நிலைக்கப் பொருள் மாறுவதற்கும், பின்னது அமைப்பு நிலைக்கப் படம் மாறுவதற்கும் சான்று. இரண்டையும் ஒருசேர நோக்கும்போது குறியீடு என்பது படத்துள் அடைபட்டதன்று என்பது உறுதிப்படுகிறது. அருங்காட்சியகங்களும் ஆவணத் திட்டங்களும் கஞ்சிஃபாச் சீட்டுகளைப் படமெடுத்துக் காப்பதோடு அமையாது, வட்டாரந்தோறும் வேறுபடும் ஆட்டவிதிகளையும் ஆட்டச் சொற்களையும் அறிந்த முதியோரிடமிருந்து பதிவுசெய்தல் இன்றியமையாதது. அப்பணி ஓவிய வரலாற்றாளரைவிட மொழியியலார்க்கே உரியது. ஏனெனில் அவர்கள் பதிவுசெய்ய வேண்டியது படங்களை அன்று, ஓர் இலக்கணத்தை.